பறிக்கப்பட்ட எட்டு ஆண்டுகள்

மாலைப் பயிற்சி முடியும். சிமென்ட் தரையில் வெயிலின் சூடு இன்னும் இறங்கியிருக்காது. குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருக்கும் எங்களை நிறுத்திவைத்து எங்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் சொல்வார்: “ஆட்டம் மட்டும் இருந்தா போதாதுடா. சேர்க்கை சரியில்லன்னா எல்லாம் வீணாப் போயிடும்.” அவர் நல்ல மனிதர். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை எல்லார் தலையிலும் கட்டிவிட முடியாது என்று எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின. புரியவைத்தது நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த கூடைப்பந்து வீரர் கோனி ஹாக்கின்ஸின் கதை.

அந்தக் கதை பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப்படுகிறது. அபாரத் திறமை. கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே சூதாட்டச் சர்ச்சையில் சிக்கினார். களத்துக்கு வெளியே வந்த வினையால் நல்ல வயது வீணாயிற்று. பிறகு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏ அவரைச் சேர்த்துக்கொண்டது, ஜொலித்தார், கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் பெற்றார். தாமதமானாலும் நியாயம் கிடைத்தது. கேட்பவர்களும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, “இவனும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம்” என்று முடித்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கதையின் முதல் பாதியும் தவறு, இரண்டாம் பாதியும் தவறு. இரண்டையும் மறுக்கவே எழுதுகிறேன்.

முதலில் ‘சிக்கினார்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் செய்தித்தாள்களுக்கு மிகவும் பிடித்த வினைச்சொல் அது. திருடனும் சிக்குவான், வலையில் மீனும் சிக்கும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், யார் வலை வீசினார்கள் என்ற கேள்வி எழாமலே போய்விடுகிறது. ஹாக்கின்ஸ் விஷயத்தில் அறுபது வருடமாக அதுதான் நடக்கிறது.

1942 ஜூலையில் பிறந்தவர் ஹாக்கின்ஸ். புரூக்ளினின் பெட்ஃபோர்டு ஸ்டைவசன்ட் பகுதியில் வறுமையில் வளர்ந்தவர். ஆறடி எட்டங்குல உயரம். ஒரு கையாலேயே பந்தைக் கவ்விப் பிடித்து, எதிராளியின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப இழுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய உள்ளங்கை. அவர் ஆடிய பாய்ஸ் உயர்நிலைப் பள்ளி அணிக்கு நியூயார்க்கில் எதிரிகள் குறைவு. 1960-இல் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த பள்ளி ஆட்டமொன்றில், அதே புரூக்ளினைச் சேர்ந்த ரோஜர் பிரவுன் எதிரணிக்காக 39 புள்ளிகள் எடுத்தார். ஆனாலும் வென்றது ஹாக்கின்ஸின் அணி. இந்த ரோஜர் பிரவுன் என்ற பெயரை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வருடமே ஹாக்கின்ஸ் அயோவா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

1961-இல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சூதாட்ட ஊழல் வெடித்தது. ஆட்டத்தில் தோற்கவேண்டிய அவசியம்கூட இல்லை. பத்துப் புள்ளிகளில் ஜெயிக்க வேண்டிய அணி நான்கு புள்ளிகளில் ஜெயித்தால் போதும். புள்ளி வித்தியாசத்தின்மேல் பந்தயம் கட்டியவனுக்குப் பணம் கொட்டும். அப்படி ஆட வீரர்களுக்கு லஞ்சம் கொடுத்த கும்பலின் நடுநாயகமாக இருந்தவர் ஜாக் மோலினாஸ் என்ற நியூயார்க் வழக்கறிஞர். விசாரணையில் யாரோ ஒருவர் வாயில் ஹாக்கின்ஸின் பெயர் வந்தது. அயோவாவிலிருந்து அவரை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. வேறு எந்தக் கல்லூரியும் உதவித்தொகை தர முன்வரவில்லை. அவர் கைது செய்யப்படவில்லை. அவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை.

“நெருப்பில்லாமல் புகையுமா?” என்று கேட்பார்கள். இந்தப் பழமொழிபோல நிரபராதிகளை வதைத்த வாக்கியம் நம் மொழியில் வேறொன்று இருக்க முடியாது. புகை போடத் தெரிந்தவனுக்கு நெருப்பு தேவையில்லை. சரி, நெருப்பையே தேடிப் பார்ப்போம்.

அன்றைய கல்லூரி விளையாட்டு விதிப்படி முதலாமாண்டு மாணவர் பல்கலைக்கழகத்தின் முதன்மை அணியில் ஆட முடியாது. அந்த விதி 1972 வரை கூடைப்பந்தில் இருந்தது. ஹாக்கின்ஸ் 1960-61இல் முதலாமாண்டு மாணவர். அயோவாவின் முதன்மை அணிக்காக அவர் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆடாதவர் எந்த ஆட்டத்தின் புள்ளியைக் குறைப்பார்? இந்த ஒரு கேள்வியைப் பல்கலைக்கழக நிர்வாகத்தில் ஒருவர் ஐந்து நிமிடம் உட்கார்ந்து யோசித்திருந்தால் போதும். விதி அவர்களுக்குத் தெரியாததல்ல. அவர்கள்தான் அதை அமல்படுத்தி அவரை வெளியே உட்காரவைத்திருந்தார்கள்.

உடனே அடுத்த வாதத்துக்குத் தாவுவார்கள்: அவர் ஆடாவிட்டாலும் மற்ற வீரர்களைச் சூதாட்டக்காரர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார், மோலினாஸிடம் 200 டாலர் வாங்கினார். அந்த 200 டாலரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஒரு மனிதனின் இளமை முழுவதும் அதன்மேல்தான் அடகு வைக்கப்பட்டது.

அது படிப்புச் செலவுக்கு வாங்கிய கடன். ஊழல் வெளியாவதற்கு முன்பே கோனியின் அண்ணன் ஃப்ரெட் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். லஞ்சத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளிப் படிக்கப் போயிருக்கும் ஏழைப் பையன், கொஞ்சம் வசதியாக இருக்கும் தெரிந்தவரிடம் கைமாற்று வாங்குவது நம் வீடுகளில் நடக்காததா? “மோலினாஸ் எப்படிப்பட்டவன் என்று தெரிந்திருக்க வேண்டாமா?” என்றால், எப்படித் தெரியும்? மோலினாஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பழைய நட்சத்திரம், படித்த வழக்கறிஞர், கூடைப்பந்து உலகில் பலருக்கும் தெரிந்த முகம். தன் அணியின்மீதே பந்தயம் கட்டியதற்காக 1954-இல் என்பிஏ அவரை வெளியேற்றியது உண்மைதான். அப்போது ஹாக்கின்ஸுக்கு வயது பதினொன்று. பெரியவர்கள் தெருவில் சுதந்திரமாக நடமாட விட்டிருந்த ஒரு மோசடிக்காரனை, பதினெட்டு வயதுப் பையன் முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டிருக்க வேண்டும் என்கிறது இந்த வாதம்.

இன்னொன்று. அந்த மோலினாஸ் என்பிஏ-வை எதிர்த்து நீதிமன்றம் போனார், 1961-இல் தோற்றார். தோற்றாலும் அவர் வாதத்தைக் கேட்க ஒரு நீதிபதியாவது இருந்தார். ஹாக்கின்ஸுக்கு அப்போது அதுவும் இல்லை.

கடைசியாக எடுத்து வைப்பது வாக்குமூலத்தை. “அவரே ஒப்புக்கொண்டாரே!” ஆம், ஏதோ சொன்னார். எப்படிச் சொன்னார் என்பதைப் பார்க்க வேண்டும். நியூயார்க் துப்பறிவாளர்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் அவரை ஒரு ஹோட்டலில் வைத்து விசாரித்தார்கள். வழக்கறிஞர் இல்லை. பள்ளி அவரைப் பந்தாட வைத்ததே தவிரப் படிக்க வைக்கவில்லை. ஒரு தாளில் எழுதியிருப்பதைத் தடுமாறாமல் வாசிக்கும் நிலையில்கூட அவர் அன்று இல்லை. சொல்லாவிட்டால் ஜெயில் என்ற பயம். அவர்கள் எதிர்பார்த்ததைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்ற நப்பாசை. சொன்னார். ‘விசாரணை’ என்று ஒரு பையனைக் கூட்டிப்போனால் என்ன நடக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போலீஸ் பிடியில் விசாரிக்கப்படுகிறவரிடம் “நீ பேசாமல் இருக்கலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம்” என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிராண்டா வழக்கில் தீர்ப்பளித்தது 1966-இல். அதே 1966-இல்தான் என்பிஏ ஹாக்கின்ஸை முறைப்படி விலக்கியது. அப்படிப் பெறப்படும் பேச்சு எவ்வளவு நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன வருடத்தில், ஒரு விளையாட்டு அமைப்பு அதே வகைப் பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் பிழைப்பைப் பறித்தது.

என்பிஏ-வுக்காக வாதாடுபவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறைக்கப் போவதில்லை. 1951-இல் வெடித்த முந்தைய ஊழல் அந்த விளையாட்டையே உலுக்கியிருந்தது. முந்தைய வருடம் இரண்டு தேசியக் கோப்பைகளையும் வென்ற நியூயார்க் சிட்டி கல்லூரி அணியின் வீரர்களே பிடிபட்டார்கள். கென்டக்கியில் ஆடியபோது பணம் வாங்கியதாக ஒப்புக்கொண்ட அலெக்ஸ் குரோசா, ரால்ஃப் பியர்டு இருவரையும் என்பிஏ ஆயுள் முழுக்க விலக்கியது. ரசிகன் ஆட்டத்தை நம்பாவிட்டால் டிக்கெட் விற்காது. லீக் பயந்ததில் தப்பில்லை. ஆனால் பயந்தவர் செய்ய வேண்டியது விசாரணை. என்பிஏ என்ன செய்தது? ஹாக்கின்ஸின் வகுப்பு கல்லூரியை முடிக்கும் 1964-இல் வீரர் தேர்வு நடந்தது. ஒரு அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. 1965-இலும் இல்லை. அவரோடு ஒப்பந்தம் போட்டால் அனுமதிக்க மாட்டேன் என்று ஆணையர் ஜே. வால்டர் கென்னடி தெரிவித்திருந்தார். இத்தனைக்கும் அவர் தரப்பைக் கேட்க ஒரு நாற்காலி போட்டு உட்காரவைக்கவில்லை. ஆட்டத்தின் நேர்மையைக் காப்பாற்றுகிறோம் என்றவர்கள், தாங்கள் நேர்மையாக நடப்பதை மட்டும் அந்தக் காப்பில் சேர்க்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதைத்தான்.

இதற்கிடையில் அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? ஆடிக்கொண்டிருந்தார். களத்துக்கு வெளியே கெட்டுப்போனவர் என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஏப் சாபர்ஸ்டைன் தொடங்கிய ஏபிஎல் என்ற புதிய லீகில் பிட்ஸ்பர்க் அணிக்கு ஆடி, பத்தொன்பது வயதில் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார். 1962 டிசம்பர் 31-ஆம் தேதி அந்த லீகே இழுத்து மூடப்பட்டது. பிறகு ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் குழுவோடு ஊர் ஊராக, நாடு நாடாக நான்கு வருடம். அங்கே ஆட்டம் என்பது வேடிக்கை. கூட்டத்தைச் சிரிக்கவைக்க வேண்டும், எதிரணி தோற்றாக வேண்டும். அந்த அனுபவம்தான் அவருக்குப் பந்தை மாயவித்தைபோல் கையாளும் கலையைக் கற்றுக்கொடுத்தது என்று சிலாகித்து எழுதுகிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களோடு மோதியிருக்க வேண்டிய இருபத்தொரு வயதில், ஜெயிப்பும் தோல்வியும் முன்கூட்டியே முடிவான காட்சிகளில் அவரை ஆடவிட்டதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

1967-இல் என்பிஏ-வுக்குப் போட்டியாக ஏபிஏ லீக் தொடங்கியது. ஹாக்கின்ஸ் பிட்ஸ்பர்க் பைப்பர்ஸ் அணியில் சேர்ந்தார். முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 26.8 புள்ளிகள், மிகச் சிறந்த வீரர் விருது, கோப்பை. இறுதிப் போட்டியில் அவர்களோடு ஏழு ஆட்டங்கள் வரை மல்லுக்கட்டிய நியூ ஆர்லியன்ஸ் அணியில் ஆடியவர் டக் மோ. அவரும் இதே 1961 புயலில் அடிபட்டவர். சூதாட்டக்காரர்கள் கேட்டபோது ஆட்டத்தை விற்க மறுத்தவர்; ஆனாலும் என்பிஏ கதவு அவருக்கும் மூடியே இருந்தது. என்பிஏ தகுதியில்லை என்று ஒதுக்கிய இரண்டு பேர் இன்னொரு லீகின் கோப்பைக்காக மோதினார்கள். அடுத்த பருவத்தில் அணி மினசோட்டாவுக்கு இடம் மாறியது. ஹாக்கின்ஸின் சராசரி 30 புள்ளிகளைத் தாண்டியது. அந்தப் பருவத்தில்தான் முழங்காலில் கத்தி வைத்தார்கள்.

இப்போது கதையின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். ‘என்பிஏ தன் தவறைத் திருத்திக்கொண்டது’ என்பார்கள். என்பிஏ தானாக எதையும் திருத்திக்கொள்ளவில்லை. பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த டேவிட் லிட்மன், ராஸ்லின் லிட்மன் என்ற வழக்கறிஞர் தம்பதி 1966-இல் வழக்குத் தொடுத்தார்கள். அணிகள் எல்லாம் கூட்டுச் சேர்ந்து ஒருவருக்கு வேலை மறுப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்பது அவர்கள் வாதம். மூன்று வருடம் என்பிஏ எதிர்த்து நின்றது. 1969 மே மாதம் ‘லைஃப்’ இதழில் டேவிட் வுல்ஃப் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஹாக்கின்ஸ் தெரிந்து எந்தச் சூதாட்டக்காரரோடும் சேரவில்லை, யாரையும் யாருக்கும் அறிமுகம் செய்துவைக்கவில்லை, அவருக்கு எதிராக இருந்ததெல்லாம் மிரட்டலில் அவரே உளறியது மட்டும்தான் என்று அந்தக் கட்டுரை வரி வரியாகக் காட்டியது. பிறகுதான் என்பிஏ இறங்கி வந்தது. ஏறக்குறைய 13 லட்சம் டாலர் மதிப்பில் சமரசம். வெளியே ஏபிஏ என்ற போட்டி லீக், உள்ளே தோற்கக்கூடிய வழக்கு, கையில் நாடே படிக்கும் பத்திரிகை: மூன்றும் சேர்ந்து கழுத்தை நெரித்த பிறகு பிறந்த ஞானத்துக்கு மனமாற்றம் என்று பெயர் சூட்ட வேண்டாம்.

அவர் எந்த அணிக்குப் போக வேண்டும் என்பதை ஒரு காசைச் சுண்டிப்போட்டு முடிவுசெய்தார்கள். ஃபீனிக்ஸ் சன்ஸ், சியாட்டில் இரண்டும் போட்டியிட்டன, ஃபீனிக்ஸுக்கு விழுந்தது. சில மாதங்களுக்கு முன் இன்னொரு காசு சுண்டலில் லூ ஆல்சிண்டரை, அதாவது பின்னாளின் கரீம் அப்துல் ஜபாரை, இதே ஃபீனிக்ஸ் மில்வாக்கியிடம் இழந்திருந்தது. அந்தப் பருவத்தில் இருவரும் என்பிஏ-வுக்குப் புதியவர்கள். ஆல்சிண்டருக்கு வயது 22. ஹாக்கின்ஸுக்கு 27, அறுவை சிகிச்சை செய்த முழங்காலோடு.

அந்த முழங்காலோடுதான் 1969-70இல் ஆட்டத்துக்குச் சராசரி 24.6 புள்ளிகள், 10.4 ரீபவுண்டுகள் எடுத்து, அந்த வருடத்தின் தலைசிறந்த ஐவர் அணியில் இடம்பிடித்தார். பிளே-ஆஃபில் வில்ட் சேம்பர்லின், ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர் மூவரும் இருந்த லேக்கர்ஸை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தடித்தது ஃபீனிக்ஸ். இரண்டாவது ஆட்டத்தில் ஹாக்கின்ஸ் 34 புள்ளிகள், 20 ரீபவுண்டுகள். “பார்த்தீர்களா, கடைசியில் சாதித்துவிட்டார்” என்று இந்த எண்களைக் காட்டி ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு இந்த எண்கள் இழப்பின் அளவுகோலாகத்தான் தெரிகின்றன. கால் தேய்ந்தவர் இப்படி ஆடினார் என்றால், தேயாத காலோடு என்ன செய்திருப்பார்?

கணக்குப் பார்ப்பவர்கள் ஒன்று கேட்கலாம்: அன்றைய விதிப்படி 1964-க்கு முன் அவர் என்பிஏ-வில் ஆடியிருக்கவே முடியாதே, பிறகு எப்படி எட்டு வருடம்? சரியான கேள்வி. என்பிஏ பறித்தது ஐந்து பருவங்கள். அதற்கு முந்தைய மூன்றையும் துப்பறிவாளர்களும் பல்கலைக்கழகமும் பறித்தார்கள். கல்லூரியில் ஆட வேண்டிய மூன்று வருடங்கள், அதோடு ஒரு பட்டம். கூடைப்பந்துக்காரரின் உடம்பு பத்தொன்பதிலிருந்து இருபத்தேழு வரைதான் கேட்டதைக் கொடுக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அது பேரம் பேசும். ஹாக்கின்ஸின் உடம்பும் பேசியது. நான்கு முறை ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். பிறகு லேக்கர்ஸ், அட்லாண்டா ஹாக்ஸ் என்று மாறி, ஏழே பருவங்களில் 1976-இல் என்பிஏ வாழ்க்கை முடிந்தது. மொத்தச் சராசரி 16.5 புள்ளிகள். இன்றைய பையன் ஒருவன் பழைய வீரர்களின் பட்டியலைப் புரட்டினால், நடுவில் எங்கோ சாதாரணமாகக் கிடக்கும் அந்த எண்ணைத்தான் பார்ப்பான். அதைச் சாதாரணமாக்கியது யார் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது.

1992-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். சந்தோஷம்தான். ஃபீனிக்ஸ் அவரது 42-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது; பிற்காலத்தில் அந்த அணிக்காகவே சமூகப் பணிகள் செய்தார். 2017 அக்டோபரில் 75 வயதில் காலமானார். தன்னை நொறுக்கியவர்கள்மீது வாழ்நாள் முழுக்கக் கசப்பைச் சுமந்து திரியாத மனிதர் அவர். அந்தப் பெருந்தன்மை அவருடையது. அதைக் காட்டி மற்றவர்கள் தங்கள் கணக்கை நேர்செய்துகொள்ள உரிமையில்லை.

ஆகவே ஹாக்கின்ஸைப் பற்றி இனி எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே: வினைச்சொல்லை மாற்றுங்கள். அவர் சிக்கவில்லை, சிக்கவைக்கப்பட்டார். தொலைக்கவில்லை, பறிகொடுத்தார். பள்ளி மைதானத்தில் ‘சேர்க்கை’ பற்றிப் புத்தி சொல்லும் பயிற்சியாளர்களும், அந்தப் புத்தியோடு கூடவே, ஒரு பையன்மேல் பழி விழுந்தால் அவனை உட்காரவைத்து முதலில் அவன் சொல்வதைக் கேட்கட்டும்.

ஹாக்கின்ஸுக்காவது ஏழு பருவங்கள் கிடைத்தன. டக் மோவை ஆட்டக்காரராகச் சேர்க்க மறுத்த அதே என்பிஏ, 1988-இல் அவருக்கு ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதைக் கொடுத்தது. மாடிசன் ஸ்கொயர் கார்டனில் 39 புள்ளிகள் எடுத்த ரோஜர் பிரவுன், மோலினாஸைத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக விலக்கப்பட்டு, ஓஹாயோவின் டேட்டனில் தொழிற்சாலை வேலை பார்த்துக்கொண்டு உள்ளூர் ஆட்டங்களில் ஆடிக்கொண்டிருந்தார். ஏபிஏ தொடங்கியபோது இண்டியானா பேசர்ஸ் அணி முதலில் ஒப்பந்தம் செய்த வீரர் அவர்தான். அந்த அணிக்கு மூன்று கோப்பைகள் வாங்கிக்கொடுத்தார். 1997-இல் இறந்தார். 2013-இல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். என்பிஏ-வில் அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.